சென்டர் ஸ்பீக்கரை எங்கே வைப்பது, எப்படிச் சாய்ப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சண்டைக் காட்சியில் சுவர் அதிர்கிறது, வசனம் வந்தால் மட்டும் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த நிலை வந்ததும் பலர் புது சென்டர் ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். டிவிக்குக் கீழோ மேலோ நடுவில் வைக்கும் பெட்டிதான் சென்டர் ஸ்பீக்கர்; படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. அது இருக்கும் இடமும் பார்க்கும் திசையும் தப்பாக இருந்தால், எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் முணுமுணுக்கத்தான் செய்யும்.

அதிகம் காணப்படும் தவறு, டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் ஆழமாகத் தள்ளி வைப்பது. முன்னால் நீண்டிருக்கும் பலகையில் ஒலி பட்டுத் தெறித்து, நேராக வரும் ஒலியோடு நூலிழை தாமதத்தில் கலக்கிறது. சொற்களின் கூர்மை மழுங்கிவிடுகிறது. சுற்றியுள்ள பொந்து வேறு தாழ்ந்த குரலை ஊதிவிடும். ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு சமமாகவோ, 1–2 செ.மீ. வெளியே வரும்படியோ இழுத்து வையுங்கள். காற்றுத் துளை பின்பக்கம் இருந்தால் ஸ்டாண்டின் பின்பலகையைக் கழற்றிவிடுவது நல்லது. அதற்கு வழியில்லை என்றால் துளையை ஃபோம் அடைப்பானால் மூடலாம். ரிசீவரில் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தனுப்பும் கருவி) கிராஸ்ஓவர், அதாவது ஒலியைப் பிரிக்கும் எல்லை, 80 ஹெர்ட்ஸில் இருந்தால் அதற்குக் கீழுள்ள பேஸை சப்வூஃபர் என்ற தனிப் பேஸ் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்பதால் பெரிய இழப்பு இல்லை.

அடுத்தது சாய்வு. மெய்யெழுத்துகளைத் தெளிவாகக் காட்டுவது ட்வீட்டர் (ஸ்பீக்கரின் முகத்திலுள்ள சிறிய ஒலிவட்டு) தரும் உயர் அதிர்வெண்கள். அவை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதில்லை. டிவிக்குக் கீழே படுத்திருக்கும் ஸ்பீக்கரைச் சாய்க்காமல் விட்டால் அது உங்கள் முழங்காலோடு பேசிக்கொண்டிருக்கும். இங்கே கண்மதிப்பை நம்பாதீர்கள், டேப்பை எடுங்கள். வழக்கமாக எப்படிச் சாய்ந்து உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து, தரையிலிருந்து காது எவ்வளவு உயரம் என்று அளக்கவும். காது 95 செ.மீ., ட்வீட்டர் 50 செ.மீ., இடையே தூரம் 270 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உயர வித்தியாசம் 45 செ.மீ. அதை ஸ்பீக்கரின் ஆழத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், முன்விளிம்பை எவ்வளவு தூக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். ஆழம் 25 செ.மீ. என்றால் 25 × 45 ÷ 270, அதாவது சுமார் 4 செ.மீ. கோணக் கணக்கில் ஏறத்தாழ 9 டிகிரி. முன்பக்கம் இரு ஓரத்திலும் ஒரே உயரமுள்ள ரப்பர் ஆப்பு வைத்தால் போதும். தூக்கிய பிறகு மேல்தட்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். டிவிக்கு மேலே வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்குதான், தூக்க வேண்டியது பின்பக்கம். அப்போது முன்னால் சரிந்து விழாதபடி பட்டையால் கட்டிவிடுங்கள்.

சரிபார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும். முன்வலையைக் கழற்றிவிட்டு, ட்வீட்டரைத் தொடாமல், அதற்கு அருகே ஸ்பீக்கரின் முகத்தில் கண்ணாடியை ஒட்டிப் பிடிக்கச் சொல்லி நீங்கள் இருக்கையில் உட்காருங்கள். உங்கள் கண்களே தெரிந்தால் சாய்வு சரி. பாதம் தெரிந்தால் இன்னும் தூக்க வேண்டும். தலைக்கு மேலுள்ள சுவரோ கூரையோ தெரிந்தால் அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள். இரண்டு வரிசை இருக்கைகள் என்றால் இரண்டின் காது உயரத்துக்கும் நடுவில் குறி வைக்கலாம்.

நடுவில் ட்வீட்டர், இரு பக்கமும் வூஃபர் (தாழ்ந்த, நடு ஒலிகளைத் தரும் பெரிய வட்டு) உள்ள படுக்கை வடிவ ஸ்பீக்கரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓரத்தில் உட்காருபவருக்கு ஒரு வூஃபர் கிட்டே, மற்றது எட்டே. வூஃபர்களின் மையங்களுக்கு இடையே 36 செ.மீ. இருந்து, நீங்கள் 30 டிகிரி விலகி உட்கார்ந்தால் இரண்டு ஒலிகளுக்கும் 18 செ.மீ. பாதை வித்தியாசம். சுமார் 950 ஹெர்ட்ஸில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அது பேச்சின் நடுப்பகுதி. ரிசீவர் மைக் வைத்துத் தானாகச் செய்யும் அளவீடு இந்தப் பள்ளத்தை நிரப்பாது. அங்கே ஒலியைக் கூட்டினாலும் இரண்டு வூஃபரும் சேர்ந்தே கூடும், அழிவு அப்படியே இருக்கும். இடமிருந்தால் ஸ்பீக்கரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் (நடு ஒலிக்கான வட்டு) ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மூவழி ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு, அதைப் படுக்க வைத்தபடியே விடலாம்.

முன்னால் கண்ணாடி டீப்பாய் இருந்தால் அதிலும் ஒலி பட்டுத் தெறிக்கும். அதன்மேல் கனமான போர்வையைப் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை என ஒரே காட்சியைக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் டீப்பாயை நகர்த்துங்கள்.

இத்தனையும் முடித்துவிட்டு ரிசீவரைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவதுதான் கடைசித் தவறு. ஒலி 34 செ.மீ. கடக்க ஒரு மில்லிசெகண்ட் ஆகிறது. ஸ்பீக்கரை முன்னால் இழுத்திருந்தால் தூரமும், அதை வைத்து ரிசீவர் போடும் நேரக் கணக்கும் மாறியிருக்கும். ரிசீவரின் அளவீட்டு மைக்கைச் சோபாவின் முதுகில் சாய்த்து வைக்காமல், ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்தி மறுபடி அளவெடுங்கள். அதன்பிறகும் வசனம் அடங்கியே கேட்டால் சென்டரை மட்டும் 1 முதல் 2 டெசிபல் கூட்டலாம்.