சி மொழியில் கோப்பைத் திறப்பது: மோடு தப்பினால் டேட்டா போகும்

கோப்பைத் திறக்கும் ஃபங்ஷனான எஃப்ஓப்பனுக்குக் கோப்பின் பெயரும், எதற்காகத் திறக்கிறோம் என்று சொல்லும் மோடும் கொடுத்தால் போதும். இரண்டும் இரட்டை மேற்கோளுக்குள் வரவேண்டும். மோடு ஒற்றை எழுத்துதானே என்று ஒற்றை மேற்கோள் போட்டால் அது எண்ணாகிவிடும், கம்பைலரே திட்டும்.

படிக்க மட்டும் 'ஆர்'. கோப்பு ஏற்கெனவே இருக்கவேண்டும். எழுத 'டபிள்யூ'. இல்லாத கோப்பை இது உருவாக்கும். இருக்கும் கோப்பைத் திறந்த கணமே காலி செய்துவிடும். ஒரு எழுத்துகூட எழுதாமல் மூடினாலும் மிஞ்சுவது 0 பைட்தான். பழையது வேண்டுமென்றால் 'ஏ': எழுதுவதெல்லாம் கடைசியில் சேரும், கோப்பில் இடம் மாற்றும் எஃப்சீக்கைப் போட்டுத் தொடக்கத்துக்கு நகர்ந்தாலும் அப்படித்தான். இருப்பதைத் தொடவே கூடாதென்றால் 2011 சி தரத்தில் வந்த 'டபிள்யூஎக்ஸ்'; அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் திறக்காது.

'ஆர் பிளஸ்' படிக்கவும் எழுதவும் விடும், ஆனால் படித்த கையோடு எழுதக் கூடாது. இரண்டுக்கும் பஃபர் (டேட்டா தற்காலிகமாகத் தங்கும் நினைவிடம்) ஒன்றே. நடுவில் ஒரு எஃப்சீக், இருக்கும் இடத்திலிருந்து 0 தூரம் என்றாலும் சரி, கட்டாயம். எழுதிவிட்டுப் படிப்பதானால், பஃபரில் உள்ளதைக் கோப்புக்குத் தள்ளும் எஃப்ஃப்ளஷ் போதும்.

திறந்த அடுத்த வரியிலேயே நல் (திறக்க முடியவில்லை என்று காட்டும் வெற்று மதிப்பு) வந்ததா என்று பாருங்கள்; வந்திருந்தால் பெரர் காரணத்தைச் சொல்லும். 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று வந்தால், பெரும்பாலும் புரோகிராம் வேறு ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது: வெறும் பெயர் கொடுத்தால் தேடுவது ஓடும் ஃபோல்டரில், சோர்ஸ் இருக்கும் இடத்தில் அல்ல. விண்டோஸ் பாதையில் பின்சாய்கோட்டை இரண்டிரண்டாகப் போடுங்கள். ஒன்று மட்டும் போட்டு அடுத்து 'என்' வந்தால் அது புதுவரியாகிவிடும்.

ஒரு பைட்டாகப் படிக்கும் எஃப்கெட்சி, கோப்பு முடிந்தால் எதிர்ம எண் தரும்; அதனால் அது தருவதை இன்ட்டில் வாங்குங்கள். கேரில் வாங்கினால் 255 என்ற பைட்டே கோப்பின் முடிவு போலத் தோன்றலாம். கேர் அன்சைன்டாக (எதிர்ம எண் கொள்ளாததாக) உள்ள கணினியிலோ லூப் முடியவே முடியாது. லூப்பின் நிபந்தனையில், கோப்பு முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப் வைப்பதும் வேண்டாம், கடைசி வரி இருமுறை வரும். படித்துப் பார்த்துத் தோற்ற பிறகுதான் அது உண்மை சொல்லும்.

படம், ஜிப் போன்றவற்றுக்கு மோடில் 'பி' சேருங்கள். லினக்ஸில் வித்தியாசமில்லை, விண்டோஸில் சேர்க்காவிட்டால் எழுதும் 10 என்ற பைட் ஒவ்வொன்றும் 13, 10 என்று இரண்டு பைட் ஆகும், படிக்கையில் 26 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்ததாகிவிடும்.

கோப்பை மூடும் எஃப்குளோஸ் 0 தருகிறதா என்றும் பாருங்கள். எழுதியது அதுவரை பஃபரில் கிடந்திருக்கலாம்; டிஸ்க் நிறைந்தது அங்கேதான் தெரியவரும்.