வீட்டு விளையில் சிறு குளம்: வெட்டுவதும் நிரம்புவதும்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், திருவட்டாறு பக்கம் வீட்டோடு சேர்ந்து கொஞ்சம் விளை (தோட்ட நிலம்) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), ஐப்பசி (வடகிழக்குப் பருவமழை) என்று நமக்கு வருடத்தில் இரண்டு மழை. தண்ணீர் வந்துவிடும். நிற்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1. முதலில் கிணற்றைப் பாருங்கள்

பலரும் விட்டுவிடும் வேலை இது. ஐப்பசி மழையில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் எதுவரை ஏறுகிறது? வெட்டப்போகும் குழியின் அடிமட்டத்தைவிட மேலே ஏறினால், தண்ணீர் இறங்காமல் இருக்கக் குழிக்குள் போடும் பிளாஸ்டிக் ஷீட்டை விரிக்க வேண்டாம். அடியில் ஊறும் தண்ணீர் ஷீட்டை உப்பவைத்துத் தூக்கிவிடும். வயலை ஒட்டிய தாழ்ந்த விளைகளில் ஊற்றே குளத்தை நிரப்பும். கோடையில் வற்றினால் வற்றட்டும்.

மேட்டு விளை வேறு. சரல் கலந்த செம்மண் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் இருந்தால் 2 அடி ஆழத்தில் சின்னக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரை எப்படியும் குடிக்கும். அது வடிந்தபின் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்துக் காலையில் பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் ஷீட் தேவை.

2. வெட்டுவது

மாசி, பங்குனியில் வெட்டுங்கள். தென்னை மூட்டிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். மேலே 12 அடி நீளம், 10 அடி அகலம், ஆழம் 4 அடி போதும். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக இறக்குங்கள்: 1 அடி ஆழத்துக்கு 1 அடி சரிவு. மண் சரியாது. இந்த அளவில் சுமார் 6,000 லிட்டர் கொள்ளும். கரை மட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பிடிக்கிற தண்ணீர் டியூப் போதும். தாழ்ந்த ஓரத்தில் மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர் போகும் வழி) வைத்து வாழைக்குத் திருப்பிவிடுங்கள்.

3. ஷீட்

மெல்லிய நீலத் தார்ப்பாயை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், வெயிலில் பொடிந்துவிடும். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) சில்பாலின் என்கிற கெட்டித் தார்ப்பாய் வாங்குங்கள். டேப்பைக் குழிக்குள் சரிவோடு படுக்கவைத்து அளந்து, இரண்டு பக்கமும் 2 அடி கூட்டிக்கொள்ளுங்கள். அடியில் கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு அரித்த மண்ணை விரியுங்கள். சாக்கு வேண்டாம், கறையான் வரும். மேலே தென்னை ஓலை தொங்குகிறதா என்றும் பாருங்கள். விழுகிற மட்டை ஷீட்டைக் குத்திவிடும்.

4. நிரம்புவது

கூரைத் தண்ணீரைக் குழாய் வழியே விடுங்கள். 1,000 சதுர அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் கிடைக்கும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், கூரைத் தூசியெல்லாம் அதில் வரும். சித்திரையின் கோடை மழையில் அடி நனையும். இடவப்பாதியில் ஏறி, ஆவணியில் சற்று இறங்கி, ஐப்பசியில் மறுகால் பாயும். தவளையும் தும்பியும் தானாக வந்து சேரும். கொசுவுக்கு வாய்க்காலில் கிடைக்கிற சிறு மீன்களை விடுங்கள். அல்லி வைக்கலாம், ஆகாயத்தாமரை கூடவே கூடாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலி கட்டாமல் தண்ணீர் விடாதீர்கள்.

பின்சேர்க்கை: கடலோரத்து மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கத்திலிருந்து, அங்கே எப்படி வெட்டுவது என்று கேட்டிருந்தார்கள். கடற்கரை மணலில் சரிவு இன்னும் படுத்து இருக்க வேண்டும்: 1 அடி ஆழத்துக்கு 2 அடி. கிணற்று மட்டத்தை அங்கேயும் முதலில் பாருங்கள். மேலேயே தண்ணீர் நிற்கிற இடமானால் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்.