ரா படங்களுக்கு கேமரா, லென்ஸ் புரொஃபைலைத் தானாகவே வரவைப்பது எப்படி?

அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் ரா படங்களை (கேமரா சென்சாரின் பதப்படுத்தாத கோப்புகளை) இறக்கியதும் கவனித்திருப்பீர்கள்: முதலில் பளிச்சென்று தெரியும் படம், சட்டென்று மங்கிவிடும். முதலில் தெரிந்தது கேமரா தானே சமைத்து ரா கோப்புக்குள் வைத்த ஜேபெக். பிறகு வருவது லைட்ரூம் தன் 'அடோபி கலர்' புரொஃபைலை, அதாவது நிறங்களை எப்படிக் காட்டுவது என்ற விதியை, போட்டுக் காட்டும் படம். படம் கெடவில்லை, நிறத்தைக் கணக்கிடும் முறைதான் மாறியிருக்கிறது. இந்தப் புரொஃபைலையும் லென்ஸ் திருத்தத்தையும் ஒவ்வொரு படத்திலும் கையால் மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

முதலில் ஒரு ரா படத்தை டெவலப் பகுதியில் திறந்து, ரீசெட் அழுத்துங்கள். பேசிக் பேனலின் மேலே புரொஃபைல் பட்டியல் இருக்கும். அதில் பிரௌஸ் போய் கேமராவின் சொந்த நிறங்களை ஒத்த 'கேமரா மேட்சிங்' பிரிவைத் திறங்கள். கேனான் என்றால் ஸ்டாண்டர்ட், போர்ட்ரெய்ட், நியூட்ரல் போன்றவை இருக்கும். ஃபியூஜி என்றால் புரோவியா, வெல்வியா. இங்கே கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். முகம் உள்ள படம், இலைகள் நிறைந்த படம், இருட்டில் எடுத்த படம் என மூன்றிலும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கண்ணைப் பறிக்கும் புரொஃபைல் பெரும்பாலும் தோலின் நிறத்தைக் கெடுக்கும். எல்லாப் படத்துக்கும் தொடக்கமாக வைக்க, நிதானமான ஒன்றே நல்லது.

அடுத்து லென்ஸ் கரெக்‌ஷன்ஸ் பேனல். 'எனேபிள் புரொஃபைல் கரெக்‌ஷன்ஸ்', 'ரிமூவ் குரோமாட்டிக் அபெரேஷன்' இரண்டையும் டிக் செய்யுங்கள். வளைந்த கோடுகள் நிமிரும், இருண்ட மூலைகள் வெளுக்கும், விளிம்புகளில் தெரியும் நிறக்கசிவு குறையும். கீழே செட்டப் 'டீஃபால்ட்' என்றே இருக்கட்டும். 'கஸ்டம்' என்று இருந்தால், இந்த ஒரு லென்ஸின் திருத்தம் மற்ற லென்ஸ் படங்களிலும் போய் உட்கார்ந்துவிடும்.

மின் தொடர்பு இல்லாத பழைய மேனுவல் லென்ஸை லைட்ரூம் தானாக அடையாளம் காணாது. அதன் நிறுவனம், மாடலை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, இப்போது இந்த அமைப்புகளைப் பிரீசெட்டாக (சேமித்து வைக்கும் அமைப்புத் தொகுப்பாக) மாற்ற, பிரீசெட்ஸ் பேனலில் கூட்டல் குறியை அழுத்தி, 'கிரியேட் பிரீசெட்' கொடுங்கள். முதலில் 'செக் நன்' அழுத்திவிட்டு, புரொஃபைலுக்கான டிக்கையும் லென்ஸ் கரெக்‌ஷன்ஸுக்கான டிக்கையும் மட்டும் போடுங்கள். எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் தொடவே வேண்டாம். தவறி அவை சேர்ந்துவிட்டால், இனி இறக்கும் ஒவ்வொரு படமும் அந்த ஒரு படத்தின் வெளிச்சத்தில்தான் திறக்கும்.

அப்புறம் பிரிஃபெரன்சஸ் திறந்து பிரீசெட்ஸ் டேபுக்குப் போங்கள். விண்டோஸில் எடிட் மெனுவிலும், மேக்கில் லைட்ரூம் கிளாசிக் மெனுவிலும் இது இருக்கும். 2020இல் வந்த 9.2 பதிப்பு முதல், 'ரா டீஃபால்ட்ஸ்' பகுதி இங்கேதான். ஒரே கேமரா என்றால், குளோபல் என்ற இடத்தில் உங்கள் பிரீசெட்டைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. வேறு வேறு நிறுவனக் கேமராக்கள் வைத்திருந்தால், கேமரா மேட்சிங் புரொஃபைல் ஒன்றுக்குரியது இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் தனித்தனி பிரீசெட் செய்து, 'ஓவர்ரைடு' (Override) என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்து, கேமரா மாடலையும் அதற்கான பிரீசெட்டையும் காட்டி, 'கிரியேட் டீஃபால்ட்' அழுத்துங்கள்.

டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் இதற்கு 'ஆட்டோ அப்ளை' பிரீசெட் உண்டு. லென்ஸ் கரெக்‌ஷன் மாட்யூலில் பிரீசெட் சேமிக்கும்போதே எந்த கேமரா, எந்த லென்ஸ், எந்த ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) வரம்பு என்று நிபந்தனை கொடுக்கலாம்.

கடைசியாக, மூலைகளை வெளுக்க வைக்கும்போது அங்குள்ள நாய்ஸும் (புள்ளிப் புள்ளியான இரைச்சலும்) மேலே வரும். அதிக ஐஎஸ்ஓ படங்களில் மூலை இருட்டைத் திருத்தும் விக்னெட்டிங் ஸ்லைடரை 100இலிருந்து பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ஃபிஷ்ஐ படங்களுக்குத் திருத்தத்தையே அணைத்துவிடுங்கள், அந்த வளைவுக்காகத்தானே அந்த லென்ஸை மாட்டினீர்கள்?

இந்த அமைப்பு இனி இறக்கும் படங்களுக்குத்தான். ஏற்கெனவே உள்ளவற்றில் கை வைக்காத படங்களைத் தேர்ந்தெடுத்து ரீசெட் கொடுத்தால் புதிய டீஃபால்ட் ஏறும். எடிட் செய்தவற்றில் ரீசெட் அழுத்தினால் உழைப்பெல்லாம் போய்விடும். அவற்றுக்கு அந்த பிரீசெட்டை மட்டும் ஒரு தட்டு தட்டுங்கள்.