காலில் வெயிட் கட்டும் முன்

ஆங்கிள் வெயிட் (கரண்டையில் கட்டும் எடைப் பட்டை) வாங்கி வந்ததும் காலில் கட்டாதீர்கள். முதலில் பலசரக்குக் கடைத் தராசில் வையுங்கள். அட்டையில் '2 கிலோ' என்று போட்டிருப்பது ஒரு காலுக்கா, ஜோடிக்கா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இடதும் வலதும் ஒத்துப்போகாத ஜோடிகளும் வருகின்றன. தராசில் வந்த எண்ணை ஸ்கெட்ச் பேனாவால் பட்டையின் உட்புறம் எழுதிவிடுங்கள்.

களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் காலை வேளைகளில் பெண் பிள்ளைகளுக்கு வாலிபாலும் தடை ஓட்டமும் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் தமிழ்நாட்டுப் பள்ளி, மீதிப் பேர் பாறசாலைப் பக்கம் கேரளப் பள்ளி. எந்தப் பக்கத்துப் பிள்ளையானாலும் வந்த வாரத்திலேயே கேட்பது ஒன்றுதான்: "டீச்சரே, வெயிட் கட்டி ஓடினா ஸ்பீடு கூடுமா?"

இல்லை. கட்டிக்கொண்டு ஓடவே வேண்டாம். கார்ட்டூனில் ஒரு பையன் கால் பாரத்தைக் கழற்றிப் போட்ட அடுத்த நொடி மின்னி மறைவான். பிள்ளைகளுக்கு அது மனதில் பதிந்துவிட்டது. அப்பாமாருக்கோ இரண்டு கிலோ ஜோடிக்குக் குறைந்து வாங்கினால் கௌரவக் குறைச்சல். நான் தொடங்குவது ஒரு காலுக்கு 200 கிராமில். கேட்டதும் சிரிப்பார்கள். பக்கவாட்டில் படுத்து அதைத் தூக்கச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும்.

ஏன் இவ்வளவு கொஞ்சம் என்றால், பாரம் இடுப்பு மூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதுதான் கணக்கு. கரண்டையில் கட்டிய ஒரு கிலோ இடுப்பிலிருந்து முக்கால் மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும். அதே ஒரு கிலோவை முழங்காலுக்குச் சற்று மேலே, பாதித் தூரத்தில் கட்டினால், படுத்துக்கொண்டு நீட்டிய காலைத் தூக்கும்போது இடுப்புக்கு வரும் சுமை பாதியாகும். காலை வேகமாக வீசும்போதோ அந்தக் கூடுதல் பாரம் காட்டும் எதிர்ப்பு கால் பங்காகிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வீச்சுக்கான எதிர்ப்பு நாலு மடங்கு. மலையேறுகிறவர்களிடமும் ராணுவத்திலும் பழைய கணக்கு ஒன்று உண்டு: காலில் ஒரு பவுண்டு, முதுகில் ஐந்து பவுண்டுக்குச் சமம். ஓட்டக்காரர்களை அளந்து பார்த்ததில், ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது. காசு கொடுத்து லேசான ஷூ வாங்கிவிட்டு அதன் மேல் இரும்பைக் கட்டுகிறவரிடம் நான் என்ன சொல்ல?

வெயிட்டோடு ஓடும் பிள்ளையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எட்டி வைக்கும் எட்டு குறுகும். முழங்கால் மேலே வராது. இடுப்பின் முன்பக்கத் தசை மட்டும் இழுத்து இழுத்து முதுகு வளையும். பாதம் தரையில் சப்பென்று விழும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் உடம்பு இந்த ஓட்டத்தைத்தான் கற்றுக்கொள்ளும். கழற்றியதும் "கால் பஞ்சு மாதிரி இருக்கு டீச்சரே" என்பார்கள். உடனே 30 மீட்டர் ஓடவிட்டு ஸ்டாப்வாட்சைக் காட்டுவேன். நேரம் எப்போதும் உள்ளதுதான். லேசாகத் தோன்றுவது மூளை தரும் உணர்வு. பேஸ்பாலில் கனமான மட்டையை வீசிவிட்டுச் சாதா மட்டையை எடுப்பவர்களுக்கும் இதே மயக்கம் வருவதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் எதற்கு இந்தச் சாமான்? மெதுவான வேலைக்கு. இடுப்பு, பிட்டம், தொடையின் பின்பக்கம் ஆகிய இடங்களுக்கு, ஜிம் இல்லாத ஊரில் பாரம் கொடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். என் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படித்தான். பழைய ஜீன்ஸின் கீழ்க்காலை வெட்டி, கரண்டையைச் சுற்றும் அளவுக்கு ஒரு சாண் உள்ளங்கையகலப் பட்டை எடுங்கள். இரண்டு மடிப்பாக வைத்துக் குறுக்காகத் தைத்து நாலு அறை பிரியுங்கள்: இரண்டு கரண்டையின் உள்பக்கம் வர, இரண்டு வெளிப்பக்கம் வர. முன்னால் பாதம் மடங்கும் இடத்திலும், பின்னால் குதிகால் நரம்பு ஓடும் இடத்திலும் அறை வேண்டாம், வெறும் துணி போதும். கடைச் சரக்கில் எனக்குப் பிடிக்காததே இதுதான். சுற்றிவர அடைத்துவைத்து, குதிகால் நரம்பை நாள் முழுக்க உரசும். அறைகளின் வாய்க்கு வெல்க்ரோ. கட்டுவதற்குப் பள்ளிப் பை வாரும் ஒரு இரும்பு வளையமும். மார்த்தாண்டத்தில் பை தைக்கும் கடைகளில் கேட்டால் துண்டு வார் கிடைக்கும்.

உள்ளே போட மணல்தான் நல்லது. சல்லடையில் சலித்து, இரும்புச் சட்டியில் ஈரம் போக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, சின்ன பிளாஸ்டிக் கவரில் 50 கிராம் பொட்டலமாகக் கட்டுங்கள். ஈர மணலை நிறுத்தால் எடை தப்பாக வரும், நாளடைவில் துணியும் நாறும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இரண்டு கவர், ஒன்றுக்குள் ஒன்று. நாலு அறைக்கு ஒவ்வொன்று போட்டால் 200 கிராம், இரண்டிரண்டு போட்டால் 400. அதற்கு மேல் அந்தப் பட்டை தாங்கவும் வேண்டாம்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல் கனம் அதிகம், பை சிறியதாக இருக்குமே என்று சில பேர் கேட்பார்கள். கனம் உண்மைதான். இல்மனைட் சாதா மணலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி. ஆனால் அதோடு மோனசைட்டும் கலந்திருக்கும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம் உள்ளது. அரசு நிறுவனம் பிரித்தெடுக்கிற தாது அது. அதை அள்ளி வந்து பிள்ளை காலில் கட்ட வேண்டிய அவசியம் என்ன? குளச்சல் பக்கம் வீச்சு வலையில் கோக்கும் ஈயக் குண்டைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. சின்ன இடத்தில் நிறைய எடை, வசதிதான். ஆனால் ஈயத்தைக் கையில் அள்ளிவிட்டு அதே கையால் சாப்பிடும் வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டேன். ஒர்க்‌ஷாப்பில் கழிந்த பால்ரஸ் குண்டு கிடைத்தால் அதைக் கழுவிக் காயவைத்துப் போடலாம்.

சரி, கட்டுவது எப்படி? வெறுங்காலில் கட்டக் கூடாது, காலுறைக்கு மேலே. கரண்டை எலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு இருக்கும் அல்லவா, அதற்கு ஒரு விரல் மேலே பட்டையின் கீழ்விளிம்பு நிற்க வேண்டும். ஒரு விரல் நுழைகிற இறுக்கம் சரி. இரண்டு விரல் தாராளமாகப் போனால் ஒவ்வொரு அசைவிலும் பை ஆடி எலும்பில் இடிக்கும். விரலே போகாவிட்டால் பாதம் மரத்துப்போகும். வாரின் வால் வெளிப்பக்கமாகப் பின்னோக்கிப் போகட்டும். உள்பக்கம் விட்டால் மறுகால் அதில் மாட்டும்.

இனி பயிற்சி. நான் அதிகம் நம்புவது பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்குவதை. வாலிபாலில் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்கிற பிள்ளைகள் அநேகம். இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருப்பது அதற்கு ஒரு காரணம். பாயில் ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்காலை மடக்கி, மேல்காலை முதுகுக்கு நேர்கோட்டில் நீட்டுங்கள். கட்டைவிரல் வானத்தைப் பார்க்கக் கூடாது, நேராக முன்னால் பார்க்கட்டும். குதிகாலை முன்னிறுத்தித் தூக்குங்கள். ஒரு முழம் உயர்ந்தால் போதும். அங்கே ஒரு நொடி நிறுத்தி, மூன்று எண்ணிக்கையில் இறக்குங்கள். இறக்குவதுதான் வேலை, தூக்குவது இல்லை. பக்கத்துக்குப் பத்து, இரண்டு சுற்று. இடுப்புக்குப் பின்னால் கால்சட்டைப் பை இருக்கும் இடத்தில் எரிச்சல் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். தொடையின் முன்பக்கம் எரிந்தால் இடுப்பு பின்னால் சாய்ந்துவிட்டது. சுவரில் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டு திரும்பச் செய்யுங்கள்.

தடை ஓடுகிறவர்களுக்கு நடைப் பயிற்சி ஒன்று உண்டு. இரண்டிரண்டு செங்கல் அடுக்கி மேலே ஒரு மூங்கில் கம்பு, அப்படி ஐந்தாறு வரிசை. பழகியபின் செங்கல்லைக் கூட்டி முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவரலாம். நடந்தே தாண்ட வேண்டும். முன்கால் முழங்காலோடு உயர்ந்து அந்தப் பக்கம் இறங்கும். பின்கால்தான் விஷயம்: முழங்கால் பக்கவாட்டில் அக்குள் நோக்கி வந்து, பாதம் கம்புக்கு இணையாகக் கிடந்து, பிறகு முன்னால் சுற்றி வர வேண்டும். 200 கிராம் கட்டியிருக்கும்போது பாதம் தொங்கி விரல் கம்பைத் தட்டும். தட்டிய சத்தம் கேட்டால் அந்த வரிசையை வெயிட் இல்லாமல் திரும்பச் செய்யச் சொல்வேன். வாயால் திருத்துவதைவிட அந்தச் சத்தம் நன்றாகத் திருத்துகிறது.

குப்புறப் படுத்துக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மடக்குவது, தென்னையைப் பிடித்து நின்று முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இரண்டு நொடி நிறுத்துவது, இவை இரண்டும் விளக்கம் தேவையில்லாதவை. நிற்கும்போது பின்னால் சாயாதீர்கள், அவ்வளவுதான். வாரம் இரண்டு நாள், குதிப்பும் ஓட்டமும் முடிந்த பிறகு. முன்னால் செய்தால் களைத்த இடுப்போடு குதிப்பீர்கள். கடைசி மூன்று முறையும் முதல் மூன்று போலவே இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு காலுக்கு 100 கிராம் கூட்டுங்கள். அதாவது உள்பக்கம் ஒரு பொட்டலம், வெளிப்பக்கம் ஒரு பொட்டலம். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நடைப் பயிற்சியில் 400 கிராமுக்கு மேல் நான் போவதில்லை. படுத்துச் செய்வதில் பெரியவர்கள் கடை வெயிட்டை வைத்து ஒரு கிலோ வரை போகலாம்.

வெயிட்டோடு செய்யக் கூடாதவை: ஸ்கிப்பிங், ஸ்பைக் குதிப்பு, படிக்கட்டு ஓட்டம், நாற்காலியில் உட்கார்ந்து காலை விசுக்கென்று நீட்டுவது. எங்கள் பக்கம் அடிமுறை என்ற தற்காப்புக் கலை படிக்கிற பிள்ளைகளும் உண்டு. உதையைக் காற்றில் வெட்டி நிறுத்தும்போது கரண்டையில் பாரம் இருந்தால், நீண்டுபோன முழங்காலை அது இன்னும் முன்னால் இழுக்கும். மூட்டின் உள்ளே தசைநார்தான் அந்த இழுப்பை வாங்கும். உதையின் பாதையைக் கையால் பிடித்தது போல் மெதுவாகப் போய் மெதுவாக வருவதென்றால் ஆசானிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். முழங்காலில் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆனவர்கள் பிசியோ சொல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். வளரும் வயதில், முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டிலோ குதிகாலிலோ தொட்டால் வலிக்கிற பிள்ளைக்கும் வலி போகும்வரை வெயிட் கிடையாது.

வேகம்தான் வேண்டுமென்றால் பாரத்தைக் காலில் தேடாதீர்கள், தரையில் தேடுங்கள். ரப்பர் தோட்டத்துச் செம்மண் ஏற்றத்தில் 20, 30 மீட்டர் முழு வேகம், திரும்ப நடந்து இறக்கம். பால் வெட்டுகிறவர்கள் வேலை முடித்துப் போன பிறகு, தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு. தேங்காப்பட்டணம் போனால் மணல் இருக்கிறது. பி.டி. உஷா பய்யோலிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகியவர். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் அவருக்கு வெண்கலம் 0.01 விநாடியில் தவறியது. ஏற்றமும் மணலும் எட்டைக் கடினமாக்கும், ஆனால் காலின் நுனியில் எதையும் தொங்கவிடாது.

பிள்ளையை விட வந்த ஒரு அம்மா, "வீட்டு வேலை செய்யும்போதே கட்டிக்கிட்டா உடம்பு இறங்குமா?" என்று கேட்டார். கூடுதலாகக் கரைவது சொற்பம். நாள் முழுக்க நடை மாறி இடுப்பும் முழங்காலும் வலிக்கலாம். அதற்குப் பதில் காலையில் அரை மணி வேகமாக நடங்கள் என்றேன். இப்போது மைதானத்தைச் சுற்றி நடக்கிறார், பேச்சுத்துணைக்கு இன்னும் இரண்டு பேரோடு.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு வெயிட்டை நிறுத்திவிடுங்கள். எங்களுக்கு இதில் ஒரு தலைவலி: இங்கே குறுவட்டப் போட்டி ஒரு தேதி, அங்கே கேரளத்தில் உபஜில்லா (துணை மாவட்ட) போட்டி வேறொரு தேதி. அதனால் யார் எப்போது நிறுத்த வேண்டும் என்று சுவரில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறேன்.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் வெல்க்ரோவில் சேறும் நூல்பிசிறும் புகுந்து பிடிப்பு போய்விடும். பழைய பல் துலக்கும் பிரஷால் நூல் நூலாக எடுத்துவிடுங்கள். பொட்டலங்களை வெளியே எடுத்துவிட்டுத் துணியை மட்டும் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். திரும்பப் போடும் முன் ஒவ்வொரு பொட்டலத்தையும் அமுக்கிப் பாருங்கள். கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் ஈரம் புகுந்திருக்கிறது, மணலை மறுபடி வறுத்து நிறுத்துக் கட்ட வேண்டும்.