கோயில்காட்டில் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது எப்படி?

காட்டுக்குள் போனதும் மனம் ஏன் இளகுகிறது என்பதை உணர்ந்து பார்க்க விரும்புவோர் முதுமலைக்கோ ஆனைமலைக்கோ போக வேண்டியதில்லை. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய பல ஊர்களில் ஐயனாருக்கும் அம்மனுக்கும் விடப்பட்ட கோயில்காடுகள் இன்னும் இருக்கின்றன. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்திருக்கும் காடு அவற்றுள் நன்கு அறியப்பட்டது. கோடையிலும் இலை உதிர்த்து மொட்டையாகாத இந்த உலர் பசுமைமாறாக் காட்டு வகை, கரையோரத்தில் பெரும்பாலும் இத்தகைய கோயில்காடுகளில்தான் பிழைத்திருக்கிறது.

திருவிழா நாளையும் விடுமுறை நாளையும் தவிர்த்துவிட்டு, விடிந்து சிறிது நேரத்துக்குள் போய்ச் சேருங்கள். கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடுதான் அந்த மரங்களை இத்தனை காலம் காத்திருக்கிறது என்பதால், அதை நீங்களும் மதிப்பது முறை. தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். முதல் முறை படம் எடுக்காமல் இருப்பதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பாதையிலிருந்து சற்று விலகி, பாம்போ எறும்புப் புற்றோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். இந்தக் காரியத்தில் மிக முக்கியமானதும் மிகக் கடினமானதும் இதுதான். முதல் பத்து நிமிடங்கள் மனம் வீட்டையும் அலுவலகத்தையும் சுற்றிக்கொண்டிருக்கும். அதை அதட்டி அடக்க முயல வேண்டாம். அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் இருவரும் கவனத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். கணக்குப் பார்க்கும்போதும் நெரிசலில் வண்டி ஓட்டும்போதும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும். இலையசைவும் நிழலாட்டமும் தாமாக ஈர்க்கும் கவனமோ நம்மிடம் எந்த உழைப்பையும் கேட்பதில்லை, அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. மரங்களைப் பார்ப்பது உடலையும் தொடுகிறது என்பதற்கு ராஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒரு சான்று: பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு காதுக்கு வேலை கொடுங்கள். செம்பு தட்டுவதுபோல் ஒரே சீராக ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். புதருக்குள்ளிருந்து ஆழ்ந்த குரலில் ‘ஊப் ஊப்’ என்று தொடர்வது செம்போத்து. இரண்டும் காதில் தனித்தனியே பிரியும் வரை காத்திருங்கள்.

எழுந்தபின் மூன்றே மரங்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பூசாரியிடமோ ஆடு மேய்க்க வரும் பெரியவரிடமோ ‘இது என்ன மரம் ஐயா?’ என்று கேட்டால், வீரை, பாலை, காயா என்று ஊர்ப்பெயர்கள் வந்து விழும். திருமாலைக் ‘காயாம்பூ வண்ணன்’ என்று நெடுநாளாகப் பாடிவரும் நாம், அந்த நீலத்தைப் பூத்து நிற்கும் மரத்தில் பார்த்திருக்கிறோமா? பெயர் தெரிந்த மரம் அடுத்த முறை கூட்டத்தில் ஒன்றாக நிற்காது, அறிந்த முகமாகிவிடும். காட்டின்மேல் வரும் பாசம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

ஒருமுறை போனால் போதாது. அதே இடத்துக்குப் பருவந்தோறும் போங்கள். அதில் ஒன்று ஐப்பசியில் மழை பிடித்த மறுநாளாக இருக்கட்டும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அன்று எழும் மண்வாசனைக்கு முக்கியக் காரணம். மிக நுண்ணிய அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். கீழே குனிந்து, ஈரச் சருகை ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.