ட்யூனரைச் செருகியும் சேனல் வரவில்லையா? லினக்ஸில் கீழிருந்து மேலாகத் தேடுங்கள்

சும்மா கிடக்கும் பழைய கணினியில் உபுண்டுவோ டெபியனோ போட்டு, ஆன்டெனா சிக்னலைப் பிடித்துத் தரும் ஒரு டிவி ட்யூனரைச் செருகி, டிவிஹெட்எண்ட் என்ற டிவி மென்பொருளை நிறுவிவிட்டால் பதிவு வசதியோடு ஒரு டிவி தயார். சிங்கப்பூரில் வசந்தம் ஒளிவழி ஆன்டெனாவிலேயே இலவசமாக வருகிறது, தமிழ்ச் செய்தியைப் பதிந்து வைத்துக்கொண்டு வேலை முடிந்து வந்து நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் புதிதாகச் செய்பவர்கள் பலருக்கு முதலில் கிடைப்பது ஒரு சேனல்கூட இல்லாத பட்டியல்தான். உடனே மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவ ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கருவி, டிரைவர் (கருவியை லினக்ஸோடு பேசவைக்கும் நிரல்), ஃபர்ம்வேர் (கருவியின் சிப்புக்குள் ஏற்றப்படும் நிரல்), சிக்னல், கடைசியாக மென்பொருள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது, அடியில் இருப்பது சரியில்லை என்றால் மேலே எதைத் திருகினாலும் நேரம்தான் வீண்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை எழுத்து எழுத்தாகத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் இடைவெளி விடாமல் அடியுங்கள்.

படி 0: கருவி உங்கள் ஊருக்கு ஏற்றதா?

சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரித் தொடக்கத்தில் நின்றுவிட்டது, இப்போது இருப்பது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறை. மலேசியாவிலும் அதேதான். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஆர்டிஎல்2832யு சிப் மட்டும் உள்ள குச்சிகள் பழைய டிவிபி-டி-யை மட்டுமே புரிந்துகொள்ளும், அதை வைத்துக்கொண்டு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் ஒன்றும் வராது. பெட்டியில் "டி2" என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு கருவி பாருங்கள், மீதிப் படிகள் உதவாது.

படி 1: கணினிக்குக் கருவி தெரிகிறதா?

யுஎஸ்பி கருவி என்றால் எல்-எஸ்-யு-எஸ்-பி, உள்ளே செருகும் கார்டு என்றால் எல்-எஸ்-பி-சி-ஐ. வரும் பட்டியலில் கருவியின் பெயரோ சிப்பின் பெயரோ இருக்க வேண்டும். யுஎஸ்பியில் சந்தேகமாக இருந்தால் கருவியைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை, செருகி ஒரு தடவை பார்த்தால் எந்த வரி புதிதாக வந்தது என்று தெரிந்துவிடும். ஒன்றுமே வரவில்லையா, வேறு யுஎஸ்பி வாயிலில் போடுங்கள். ராஸ்பெரி பை போன்ற சின்னப் பலகை என்றால், தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாகக் கொடுத்துப் பாருங்கள். உள்ளே செருகும் கார்டு என்றால் கணினியை அணைத்து, மின்வயரையும் எடுத்துவிட்டு, கார்டைக் கழற்றி ஸ்லாட்டில் நன்றாக அழுத்திப் போடுங்கள்.

படி 2: டிரைவரும் ஃபர்ம்வேரும்

பெரும்பாலான சிக்கல் இங்கேதான், அதனால் அவசரப்படாதீர்கள். முதலில் "டெவ்" அடைவுக்குள் "டிவிபி" என்ற அடைவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது. கருவி எல்-எஸ்-யு-எஸ்-பி-யில் தெரிகிறது, ஆனால் இந்த அடைவு இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை. ரியல்டெக் சிப் உள்ள குச்சிகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: அதே குச்சியை ரேடியோ ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் மென்பொருளை எப்போதாவது நிறுவியிருந்தால், அது டிவி டிரைவரை ஏறவிடாமல் ஒரு தடைப்பட்டியல் கோப்பைப் போட்டு வைத்திருக்கும். "மாட்ப்ரோப்" என்று தொடங்கும் அடைவுகளுக்குள் தேடி அந்தக் கோப்பை எடுத்துவிட்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

டிரைவர் ஏறிவிட்டது, ஆனாலும் ஸ்கேன் உடனே தோற்கிறதா? அப்போது ஃபர்ம்வேர். எஸ்-யு-டி-ஓ, ஓர் இடைவெளி, பிறகு டி-எம்-இ-எஸ்-ஜி என்று அடித்து, கடைசி வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். "ஃபர்ம்வேர்" என்ற சொல்லும் பக்கத்தில் "எரர் -2" என்றும் இருந்தால், அந்தக் கோப்பே உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். நல்ல விஷயம் என்னவென்றால், எந்தக் கோப்பு வேண்டும் என்று அந்த வரியே பெயர் சொல்லி எழுதியிருக்கும். எஸ்ஐ2168 சிப் உள்ள கருவிகளில் இது அடிக்கடி வரும். லிப்ரெஎலெக் என்ற லினக்ஸ் திட்டத்தினர் இப்படிப்பட்ட டிவிபி ஃபர்ம்வேர் கோப்புகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து எடுத்து "லிப்" அடைவுக்குள் இருக்கும் "ஃபர்ம்வேர்" அடைவில் பெயரை மாற்றாமல் போடுங்கள். அப்புறம் ரீஸ்டார்ட் போதாது. கணினியை முழுக்க அணைத்து, மின்சாரத்தையும் துண்டித்து, சற்று விட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் சிப் பழைய நிலையிலேயே இருந்துவிடலாம்.

படி 3: இரண்டு ஃப்ரன்ட்எண்டா?

"டிவிபி" அடைவில் அடாப்டர்0, அதற்குள் ஃப்ரன்ட்எண்ட்0 (ட்யூனரில் சிக்னலை வாங்கும் பகுதி) இருக்கும். சில அஸ்ட்ரோமெட்டா வகைக் குச்சிகளில் ஃப்ரன்ட்எண்ட்1 என்று இன்னொன்றும் இருக்கும். கவனம், அந்த வகையில் 0 பழைய டிவிபி-டி-க்கு, டி2 வேலை செய்வது 1-இல். மென்பொருள்கள் தாமாக 0-வை எடுத்துக்கொள்வதால் எல்லாம் சரியாக இருந்தும் சேனல் வராது. டிவிஹெட்எண்டில் 0-வை அணைத்து 1-ஐ மட்டும் இயக்குங்கள்.

"பெர்மிஷன் டினைட்" வந்தால் உங்கள் பயனர் பெயரை "வீடியோ" குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். டிவிஹெட்எண்ட் தன் சொந்தப் பயனராக இயங்குகிறது, பொதுவாக அதன் பெயர் ஹெச்டிஎஸ், அதுவும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். "பிஸி" என்று வந்தால் கஃபைன், விஎல்சி போன்ற வேறொரு வீடியோ மென்பொருள் ட்யூனரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதை மூடுங்கள்.

படி 4: சிக்னல்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உள்ளரங்க ஆன்டெனா என்றால் ஜன்னலோரமாக, கணினியிலிருந்து தள்ளி வையுங்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆன்டெனாவுக்கு மின்சாரம் கொடுக்காமல் விட்டால் சிக்னல் பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டுவிடும். ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில், புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கோ அதே ஆம்ப்ளிஃபயர் சிக்னலை அளவுக்கு மீறி ஏற்றிக் கெடுக்கவும் கூடும். கழற்றியும் பாருங்கள்.

படி 5: டிவிஹெட்எண்ட்

இப்போதுதான் மென்பொருளுக்கு வருகிறோம். உலாவியில் அந்தக் கணினியின் முகவரியோடு 9981 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறந்து, டிவிபி-டி வகையில் ஒரு நெட்வொர்க் உருவாக்கி ட்யூனரோடு இணையுங்கள். மக்ஸ் (ஒரே அலைவரிசையில் பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் தொகுப்பு) ஒவ்வொன்றிலும் "டெலிவரி சிஸ்டம்" டிவிபி-டி2 என்று இருக்கிறதா, அலைவரிசை அகலம் 8 மெகாஹெர்ட்ஸா என்று சரிபாருங்கள், இதில் வெறும் டிவிபி-டி என்று விட்டுவிட்டால் ஸ்கேன் தோல்விதான். ஸ்கேன் சரியானதும் சர்வீஸ்களைச் சேனல்களாக மாற்றுங்கள். படம் ஓடும்போது "ஸ்டேட்டஸ்" பக்கத்தில் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் படி 4-க்குத் திரும்பி ஆன்டெனாவை நகர்த்துங்கள்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்து, ஒரு கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பிப்புக்குப் பிறகு திடீரென்று ட்யூனர் காணாமல் போனால், கணினி தொடங்கும்போது க்ரப் எனும் தொடக்கப் பட்டியலில் முந்தைய கர்னலைத் தேர்ந்து பாருங்கள். அதில் வேலை செய்தால் கருவியில் பழுது இல்லை. டிரைவரைக் கர்னலுக்கு வெளியிலிருந்து நிறுவியிருந்தால் புதிய கர்னலுக்காக அதை மறுபடி நிறுவ வேண்டும்.