கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளானால் செய்யக்கூடாதவை

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தமிழர் வீட்டுக் கொல்லைகளில் கறிவேப்பிலை சாதாரணமாகக் கண்ணில் படும். சுவரோரம் ஒரு பெரிய மரம், அதன் வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் நாலைந்து, அதில் ஒன்று ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகளுக்கென்று பெயின்ட் வாளியில் தனியாக வளரும். தரையில் நிற்கும் தாய்மரம் பெரும்பாலும் எதற்கும் அலட்டிக்கொள்ளாது. வாளிச் செடியும், சுவரை ஒட்டி நட்ட செடியும்தான் திடீரென்று கொழுந்தை மஞ்சளாக விடும். உடனே ஆளுக்கொரு வைத்தியம் வரும். அத்தை புளித்த மோர் ஊற்றச் சொல்வார். பக்கத்து வீட்டு அண்ணன் 2:3:2 உரத்தில் ஒரு கை அள்ளிப் போடச் சொல்வார். யூடியூபில் ஒருவர் எப்சம் உப்பு என்பார். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தால், மஞ்சளாக மட்டும் இருந்த செடி மொட்டையாகிவிடும்.

எல்லாத் தவறுக்கும் தாய், "இலை மஞ்சளாகுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உரக்கடைக்குக் கிளம்புவதுதான். எந்த இலை என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்), மக்னீசியம், பொட்டாசியம் போன்றவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. அவை குறைந்தால் செடி தன் பழைய இலைகளிலிருந்து அவற்றை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் முதலில் மஞ்சளாவது அடி இலை. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை அப்படி எளிதில் நகராது. பழைய இலையில் போய்ச் சேர்ந்தது அங்கேயே கிடக்கும், கொழுந்து அன்றன்றைக்கு வேரிலிருந்து வருவதை நம்பித்தான் இருக்கிறது. அடி இலை கரும்பச்சையாக இருக்க நுனி மட்டும் மஞ்சளானால், சிக்கல் இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது தழைச்சத்து உரம் போட்டால், செடி மேலும் வேகமாகத் துளிர்விடும், அந்தத் துளிரும் மஞ்சளாகவே வரும்.

சரி, கொழுந்துதான் மஞ்சள் என்று உறுதியாகிவிட்டது. அது உண்மையிலேயே நோயா என்பது அடுத்த கேள்வி. கறிவேப்பிலையின் இளந்துளிர் எப்போதுமே வெளிர்பச்சைதான். சில செடிகளில் இலேசாகச் செம்மை கூட ஓடும். செப்டம்பர், அக்டோபரில் மரம் ஒரேயடியாகத் துளிர்க்கும்போது பயந்துபோய் மருந்தடிக்கிறவர்கள் உண்டு. இலை முழுதாக விரிந்து தடித்த பிறகும் பச்சை ஏறவில்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படி ஏறாத ஓர் இணுக்கைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பெல்லாம் மெல்லிய பச்சைக் கோடாக, வலை பின்னினாற்போலத் தெளிவாக நிற்க, நடுவில் மஞ்சள் என்றால் பெரும்பாலும் இரும்புக் குறை. முற்றினால் இலை வெளுத்து, ஓரம் கருகும். நரம்பை ஒட்டிய பச்சை கொஞ்சம் அகலமாக, மங்கலாகப் படர்ந்திருந்தால் மாங்கனீசையும் சேர்த்துச் சந்தேகிக்கலாம். இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நின்றால் துத்தநாகம். நரம்பும் சேர்ந்து முழு இலையும் ஒரே மாதிரி வெளிறியிருந்தால் கந்தகம். பொடிப்பொடியாகப் புள்ளி இருந்தால் சத்துக் கதையே வேண்டாம். இலையைத் திருப்பிச் சிலந்திப்பேன் இருக்கிறதா என்று பாருங்கள். நடைமுறையில் வீட்டுச் செடிகளில் அதிகம் அகப்படுவது இரும்புதான், எனவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

"இரும்புக் குறை" என்றதும் "மண்ணில் இரும்பு இல்லை" என்று முடிவுகட்டுவதைத்தான் நான் பெரிய தவறென்று சொல்வேன். டர்பனின் பெரியா (Berea) மேட்டுச் செம்மணலைப் பாருங்கள். அந்தச் சிவப்பே மணல் துகள்மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடின் நிறம். அதில் நட்ட செடிக்கும் இரும்புக் குறை வரும். அடுக்களையில் அரிசி மூட்டை இருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது. மண்ணின் கார அமிலநிலை, அதாவது பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்), ஒரு புள்ளி கூடினால் கரைந்த நிலையில் கிடைக்கும் இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 6-இல் தாராளமாக இருக்கும் செடி 7.5-இல் தவிப்பது இதனால்தான். ஆகவே இரும்பைத் தேடுவதற்கு முன் பூட்டைத் தேட வேண்டும்.

பூட்டுப் போடுவது பெரும்பாலும் நாமேதான். குவாசுலு நட்டாலின் மழை மண் இயல்பில் பெரும்பாலும் அமிலத் தன்மை கொண்டது. கரும்புத் தோட்டங்களில் சுண்ணாம்பு இடுவது அதற்காக. அதைப் பார்த்துப் பழகியவர்கள் வீட்டுத் தொட்டிக்கும் ஒரு பிடி சுண்ணாம்பு போட்டுவிடுகிறார்கள், அங்கே அதற்கு வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிராய், அதாவது தணலில் இறைச்சி சுடும் விருந்து, முடிந்ததும் மிஞ்சும் சாம்பலைச் செடியடியில் கொட்டுவதும் இதே கதைதான். சாம்பல் நல்ல உரம் என்று ஊரில் சொல்வார்கள், பொய்யில்லை, ஆனால் அது காரம். முட்டையிடும் கோழிகளின் எருவில் தீவனச் சுண்ணாம்பு நிறைய இருக்கும். காளான் பண்ணையிலிருந்து மலிவாகக் கிடைக்கும் மட்கும் காரப்பக்கம்தான், உப்பும் கூட. இவை ஒவ்வொன்றும் கொஞ்சமாகப் போனால் தரை தாங்கும். இருபது லிட்டர் வாளி தாங்காது.

சுவரோரச் செடிக்கு வேறொரு தொல்லை. வீடு கட்டும்போது உடைந்த செங்கல், சிமென்ட் கலவையெல்லாம் அஸ்திவாரத்தை ஒட்டியே புதைந்து கிடக்கும். மழை பெய்யப் பெய்ய அதிலிருந்து சுண்ணாம்பு கசியும். வரிசையாக நட்ட மூன்றில் சுவருக்குப் பக்கத்திலுள்ளது மட்டும் மஞ்சளானால், உரத்தை விட்டுவிட்டு அங்கே ஓர் அடி தோண்டிப் பாருங்கள். ஒரு ஸ்பூன் காய்ந்த மண்ணில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்கவில்லை என்பதற்காக மண் அமிலம் என்று சொல்லிவிட முடியாது, அதற்கு நர்சரியில் கிடைக்கும் பி.எச். சோதனைப் பெட்டி வேண்டும். மண்ணில் குத்தினால் முள் ஆடும் மலிவுக் கருவிகளை நான் நம்புவதில்லை.

தண்ணீரும் பூட்டுத்தான். ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியா பக்கம் தரைக்கடியில் டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறை. அங்கே போர் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும், அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காரமாக்கும். அதே வீட்டில் ஜோஜோ டேங்கில் மழைத்தண்ணீர் இருந்தால் அதைத் தொட்டிச் செடிகளுக்கு ஒதுக்குங்கள், போர் தண்ணீர் புல்லுக்குப் போகட்டும்.

டர்பனில் இதைவிடச் சாதாரணமான காரணம் தண்ணீர் அதிகமாவது. ஜனவரி, பிப்ரவரியில் வானமும் ஊற்றும், நாமும் பழக்கதோஷத்தில் ஊற்றுவோம், தொட்டிக்கடியில் தட்டு வேறு நிறைந்து நிற்கும். வேருக்குக் காற்று வேண்டும். காற்றில்லாத வேரால் இரும்பை இழுக்க முடியாது, பி.எச். சரியாக இருந்தாலும் சரி. விரலை மண்ணில் இரண்டு கணு அளவுக்கு விட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் ஊற்றாதீர்கள். வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவதுதான் பலர் செய்வது. வேர் அழுகினாலும் செடி வாடத்தான் செய்யும். தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால் நல்ல வேர் வெளுப்பாகவோ பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். கறுத்துக் கொழகொழவென்று நாறினால் உரப் பேச்சையே எடுக்கக் கூடாது.

இப்போது அண்ணனின் 2:3:2. தென்னாப்பிரிக்க உரப் பைகளில் இருக்கும் அந்த மூன்று எண்கள் தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றின் விகிதம். அடைப்புக்குள் 22 என்றிருந்தால் மூன்றும் சேர்ந்து பையில் 22 சதவீதம். கணக்குப் போட்டால் மணிச்சத்து மட்டும் ஒன்பது சதவீதத்துக்கு மேல். வேர் பிடிக்க வேண்டிய புதுச்செடிக்கு அது பொருந்தும். இலைக்காக வளர்க்கும் செடிக்கு மாதாமாதம் போட்டால், மிஞ்சிய மணிச்சத்து இரும்போடு சேர்ந்து அதை இன்னும் கிடைக்காமல் செய்யும். எல்.ஏ.என். என்று விற்கும் உரத்தில் 28 சதவீதம் தழைச்சத்து, கூடவே சுண்ணாம்புக்கல்லும் உண்டு. காரமாகிவிட்ட தொட்டிக்கு அது வேண்டாம். தழைச்சத்துக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அம்மோனியம் சல்பேட் மேல், அது மண்ணை மெல்ல அமிலமாக்கும்.

எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட். அடி இலை நரம்பிடையே மஞ்சளானால் பயன்படும், கொழுந்து மஞ்சளுக்கு அல்ல. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது பாட்டி காலத்து நம்பிக்கை. துரு என்பதே கரையாத இரும்பு, செம்மணலில் ஏற்கெனவே டன் கணக்கில் இருப்பது. மோரை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். நீர்க்க விட்டால் தரையில் நிற்கும் மரத்துக்குக் கெடுதலில்லை, நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும். ஆனால் கெட்டியான அமாசியை, அதாவது இங்கே கடையில் விற்கும் புளித்த பாலை, வாளியில் கொட்டினால் மேல்மண் அடைத்துக்கொண்டு நாற்றமும் எறும்பும்தான் மிச்சம். வினிகரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி பி.எச்.சை ஒரே நாளில் இறக்கப் பார்ப்பதும் வீண்வேலை. சுண்ணாம்பு இருக்கும் மண் சீக்கிரமே பழைய அளவுக்குத் திரும்பிவிடும், இடையில் வேர் அடிவாங்கும்.

பிறகு என்னதான் செய்வது? தொட்டி என்றால் மண்ணை மாற்றுவதுதான் நேரான வழி. பைன் பட்டை மட்கு கலந்த, நீர் வடியும் கலவையில் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் மாற்றி நடலாம். அதுவரை தாக்குப்பிடிக்க, கொடுக்கிணைப்பு இரும்பு வாங்குங்கள், கடையில் ஐயர்ன் கீலேட் என்று கேட்டால் தருவார்கள். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. மலிவான இ.டி.டி.ஏ. (EDTA) வகை பி.எச். 6.5 தாண்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது. இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை 9 வரை தாங்கும், கரைத்தால் தண்ணீர் சிவப்பாகும். அளவு பையில் போட்டிருக்கிறபடிதான், கூட்டக் கூடாது. அவசரத்துக்கு இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் சேர்த்துக் கரைத்து வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்கலாம். டைல்ஸ் தரையில் சிந்தினால் துருக்கறை எளிதில் போகாது. அது உணவுக்குப் பறிக்கும் இலை என்பதையும் மறக்க வேண்டாம். தேவையானதை முதலிலேயே பறித்து வைத்துக்கொண்டு பிறகு தெளியுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் மகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஜூன், ஜூலையில் உறைபனி விழும். குளிர்ந்த மண்ணில் வேர் தூங்கிவிடும். செடி மஞ்சளாகி இலை கொட்டுவது அந்த மாதங்களில் இயல்பு. அப்போது உரமும் வேண்டாம், தினசரித் தண்ணீரும் வேண்டாம், வடக்குப் பார்த்த சுவரோரம் வாளியை நகர்த்தினால் போதும். வெயில் அங்கே வடக்கிலிருந்துதான் வரும், தமிழ்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தெற்கே வைத்துவிடாதீர்கள்.

இந்த நுனி, அடி கணக்கு மிளகாய்க்கும் எலுமிச்சைக்கும் அப்படியே பொருந்தும். 2018 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் பெரியவர்கள் தம் சொந்த உபயோகத்துக்குத் தனியிடத்தில் கஞ்சா வளர்ப்பது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்தச் செடிக்கும் இதே சந்தேகத்தை மதில் சுவர்மேல் எட்டிக் கேட்கும் அயலார் உண்டு. பதில் அதேதான். ஆனால் விளக்குக்கடியில் வளர்ப்பவர் முதலில் விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பார்க்கட்டும், நெருக்கமான வெளிச்சமும் உச்சியை வெளுக்க வைக்கும்.

எதைச் செய்தாலும் ஒன்றைச் செய்துவிட்டுக் காத்திருங்கள். மண்ணைச் சரிசெய்த பிறகு முன்பே மஞ்சளான இலை பச்சையாகாமல் போகலாம், அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஒரு நூலை எடுத்து இன்றைய நுனிக்குக் கீழே கட்டிவையுங்கள். அந்த முடிச்சுக்கு மேலே அடுத்து வரும் இரண்டு மூன்று இணுக்கு என்ன நிறத்தில் விரிகிறது என்பதை மட்டும் பாருங்கள்.